இரண்டாந்தரம் அடிச்ச செய்தி

ஞாயிறு, ஜூலை 18, 1976

காலமை தொடக்கம் மழை. உடுப்பு ஒண்டும் காயேல்லை, குசினிக்குள்ள கயிறு கட்டிப் போட்டிருக்கு. இவருக்கு இருமல், படுக்கை. கொத்தமல்லி அவிச்சு வச்சிட்டு பேப்பர் கந்தோர் ரெண்டு மணி ஷிஃப்ற்றுக்கு ஓட்டம். ஹோம்புஷ்ஷில றெயில் பிந்தி.

இண்டைக்கு எங்கட அணியின்ர மட்ச். வேலை எண்டபடியால் போகேலாது. சிட்னிக்கு வந்த முதல் குளிர்காலம், கடைக்காரனைத் தவிர ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை. மைதானத்துப் புல்மேட்டிலதான் முன்பின் தெரியாத ஒரு மனுசி தன்ர குடைக்குள்ள என்னைக் கூப்பிட்டவ. அண்டையில இருந்து நான் இந்த அணிப் பக்கம். வேற காரணம் இல்லை. றக்பி லீக் எண்டால் என்ன எண்டு விளங்கவே ஒரு வருசம் போச்சு.

4.50க்கு விளையாட்டு நிருபர் லெஸ்ஸின்ர ரெலிபோன், மைதானத்தில இருந்து. (நிருபர்மார் சொல்ல, காதில ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நாங்கள் நாலு பொம்பிளையள் ரைப் அடிக்கிறது. ஒரு தாளுக்குக் கீழ நாலு கார்பன் கொப்பி. மேல மூலையில நேரமும் அடிச்ச ஆளின்ர முதலெழுத்தும்.) வெண்டிட்டம், 14-11. சந்தோசத்தில ஒரு எழுத்துப் பிழை விட்டன்.

எதிரணியின்ர பெரிய ஸ்டாருக்குத் தாடை உடைஞ்சு போச்சாம். லெஸ் சொன்னதை அப்பிடியே அடிச்சன்: பந்தோட வந்தவனைப் பிடிக்கக் குனியேக்க, தன்ர அணி ஆளின்ரயே முழங்கால் முகத்தில பட்டது. எங்கட அணிக் கெவின் கிட்ட நிண்டவர், தூக்குப் படுக்கைக்காரரைக் கை காட்டிக் கூப்பிட்டதே அவர்தான்.

6 மணிக்குத் திரும்ப லெஸ். முதல் தந்ததைக் கிழிச்சுப் போடட்டாம். எடிட்டரோட கதைச்சவராம். புதுசு: கெவின் கையை வீசி அடிச்சது. பின்பக்கத்தால. கோழை. புல்மேட்டில நிண்ட சனம் ரத்தத்தைப் பார்த்துக் கைதட்டினதாம்.

நான் கேட்டன், கெவின்ர கையா எண்டு. அடி பிள்ளை, சும்மா அடி எண்டார்.

அடிச்சன்.

வேலை முடியப் பழைய தாள், கார்பன் கொப்பி எல்லாம் கழிவுச் சாக்குக்குள்ள போகவேணும். நாலாவது கார்பனை மடிச்சுச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள வச்சன். ஏன் எண்டு தெரியேல்லை. வீட்டை வந்து பார்க்கப் புளிச்சாறு பட்டு ஒரு மூலை மஞ்சள்.

திங்கள், 19

மழை விட்டிட்டுது. குளிர் கூட.

எங்கட பேப்பரின்ர பின்பக்கம் முழுக்க ஒரே சொல்லு. "மிருகம்." கெவின் வாயைத் திறந்து கத்துற படம், அது போன வருசத்துப் படம், எனக்குத் தெரியும், அப்ப மீசை இருந்தது. பக்கத்தில ஸ்டார் தூக்குப் படுக்கையில. அவற்ற பெயரில எங்கட பேப்பரில கிழமைக்கிழமை ஒரு பத்தி வரும். அவருக்குப் பேப்பர் சம்பளம் குடுக்குது. இதை ஒரு இடத்திலயும் போடேல்லை.

இவர் தேத்தண்ணியோட இருந்து வாசிச்சுப்போட்டு, கெவின் இப்பிடிச் செய்வான் எண்டு நினைக்கேல்லை எண்டார். நான் சொன்னன், அவர் செய்யேல்லை. பேப்பரில போட்டிருக்கே எண்டார். அதை அடிச்சதே நான்தான் எண்டன்.

வேலையில நடக்கிறதை வீட்டில சொல்லக்கூடாது எண்டு கையெழுத்து வச்சுக் குடுத்தனான். ஒண்டரை வருசத்தில இண்டைக்குத்தான் முதல்தரம் சொன்னது. தாளையும் காட்டினன். ரெண்டுதரம் வாசிச்சார். பிறகு, "நீ பேசாமல் இரு. மிஸிஸ் பிரைஸை யோசி."

அது ஞாயம். வேலை தேடி எத்தினை கந்தோர் ஏறி இறங்கினன். பெயரைப் பார்த்தே திருப்பி அனுப்பினவை. எங்கட பகுதிக்குப் பொறுப்பான மிஸிஸ் பிரைஸ்தான் ஒரு பக்கம் அடிக்க விட்டுப் பார்த்து, நாளைக்கு வா எண்டவ. அந்தச் சாக்குக்கும் அவதான் பொறுப்பு.

செவ்வாய், 20

குப்பை எடுக்கிற நாள். கெவின் கவுன்சில் லொறியில வேலை, எங்கட தெருவும் அவற்ற. ஞாயிறு ஆயிரக்கணக்கான சனம் பெயர் சொல்லிக் கத்தும், செவ்வாய் வாளியைத் தோளில வச்சுக்கொண்டு ஓடுவார். ஓடேக்க விசிலடிப்பார். இண்டைக்கு விசில் இல்லை.

முன்வீட்டுக் கிழவன் வேலியில நிண்டு ஏதோ சொன்னான். போன மாதம் மகனுக்கு எண்டு கெவினிட்டைக் கையெழுத்து வாங்கினவன்.

நான் வாளியைக் கொண்டுபோய்க் கையில குடுத்தன். வேற என்ன செய்யிறது. தன்ர மனுசிக்கு ரெலிபோனில ஆரோ தூசணம் பேசுகினமாம், வயரைக் கழட்டி வச்சிருக்கினமாம். "நான் அவனைத் தொடவேயில்லை, ராஜி."

தெரியும் எண்டன். எப்பிடித் தெரியும் எண்டு அவர் கேக்கேல்லை. சும்மா ஆறுதலுக்குச் சொல்லுறன் எண்டு நினைச்சிருப்பார். தாள் வீட்டுக்குள்ள அல்மாரியில, என்ர சேலைக்குக் கீழ. பத்தடி தூரம்.

இந்த வருசம் பேப்பர்காரர் எங்கட அணிக்குச் செய்தது:
- ஏப்ரல்: வடிவா விளையாடி வெண்டம். தலைப்பு, "எதிரணி தூங்கியது."
- மே: வேற மைதானத்தில நடந்த அடிபாடு. எங்கட பெயர் தலைப்பில.
- ஜூன்: பயிற்சியாளர் விலகப்போறார் எண்டு போட்டது. விலகேல்லை. மறுப்பு உள்பக்கத்தில, நாய்ப் பந்தயத்துக்குக் கீழ.
- ஆசிரியருக்கு இவர் எழுதின கடிதம் மூண்டு. ஒண்டும் வரேல்லை.

பால் முடிஞ்சுது. மருந்துக்கடை, இவருக்கு இருமல் பாணி.

புதன், 21

கெவினை லீக் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கு. நாளைக்குப் பின்னேரம் 6 மணி. நடுவர் அண்டைக்கு ஒண்டும் எழுதேல்லை. அந்த மட்ச்சுக்கு ரீவிக் கமராவும் வரேல்லை. பேப்பர் கத்தினதுக்காகக் கூப்பிடுகினம். "ஆயுள் தடை வேணும்" எண்டு இண்டைக்குத் தலைப்பு.

றெயிலில ரெண்டு பேர். தான் மைதானத்தில நிண்டு கண்ணால கண்டனான் எண்டு ஒருத்தன் மற்றவனுக்குச் சொல்லுறான். சொன்னது முழுக்க நான் அடிச்ச வசனம். ஒரு சொல்லுக்கூட மாறேல்லை.

பின்னேரம் லெஸ். ஸ்டாரின்ர பத்தியாம். "நான் கெவினை மன்னித்துவிட்டேன், ஆனால் என் தாய் இன்னும் அழுகிறாள்." அடிச்சுக்கொண்டு போனனான், நிப்பாட்டினன். அவருக்குத் தாடையில கம்பி போட்டிருக்கே, எப்பிடிக் கதைச்சவர் எண்டு கேட்டன். தான் இன்னும் ஆசுப்பத்திரிக்குப் போகேல்லை எண்டார் லெஸ். வெக்கமில்லாமல், ஆனால் மெதுவா.

பிறகு நான் கேட்டிட்டன். ஞாயிற்றுக்கிழமை முதல் தந்ததுதான் சரி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.

 அவர் ஏதோ பாரில நிண்டு கதைக்கிறார், கிளாசுகள் முட்டுற சத்தம்.

"எனக்கு மூண்டு பிள்ளையள், ராஜி. கடைசிப் பந்தியை வாசி."

வாசிச்சன்.

இரவுச் சாப்பாட்டை இவர்தான் சமைச்சவர். 

வியாழன், 22

வெயில். ஜூலையில இப்பிடி ஒரு நீல வானம், பார்க்க எரிச்சல்.

11 மணிக்குக் கிளப்புக்குப் போனன். இவருக்குச் சொல்லேல்லை. மைதானத்துப் படிக்கட்டுக்குக் கீழ செயலாளரின்ர அறை. ஆர்தர் எண்டு ஒரு வயசாளி. ரிக்கற் வாங்க வந்தனெண்டு நினைச்சு ஞாயிற்றுக்கிழமை வரட்டாம். தாளை மேசையில வச்சன்.

கண்ணாடி போட்டு வாசிச்சார். எழும்பிக் கதவைச் சாத்திப்போட்டுத் திரும்பவும் வாசிச்சார்.  நான் விசாரணைக்கு வந்து சொல்லுவனோ எண்டு கேட்டார். ஏலாது எண்டன். அப்ப இந்தத் தாள் தனியப் போகும், மேல இந்த எழுத்து யாற்ற எண்டு கேப்பினம் எண்டார்.

ஆர்.எஸ்., 4.50.

அந்த மூலையைக் கிழிச்செடுத்தால் ஆர் அடிச்சது, எப்ப அடிச்சது எண்டு ஒண்டும் இல்லை. வெறும் கடுதாசி, ஆரும் வீட்டில இருந்து அடிக்கலாம். அடிமட்டத்தை வச்சுக் கிழிக்கலாம் எண்டு ஆர்தர் எடுத்துத் தந்தவர். நான் கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தன். பிறகு கிழிக்காமல், தாளோட சேர்த்து மேசையில வச்சிட்டு வந்திட்டன்.

வேலைக்கு நேரத்துக்குப் போயிட்டன். மிஸிஸ் பிரைஸ் என்ர கம்பளிச் சட்டை நல்ல நிறம் எண்டா.

வெள்ளி, 23

கெவினுக்குத் தடை. சீசன் முடியும்வரை. காலமைச் செய்தியில ரேடியோ சொன்னது.

ஆர்தரிட்டைக் கேட்டன். பேப்பரில வராத தாள் சாட்சியில்லையாம். எண்டாலும் லெஸ்ஸைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கினம். அவசரத்தில தந்தது, முன்னால தூண் மறைச்சது, பிறகு மற்ற நிருபர்மாரோட கதைச்சுத் திருத்தினனான் எண்டாராம். தூணாம். அந்த மைதானத்தில நிருபர் இருக்கிற இடத்துக்கு முன்னால தூண் இல்லை. நான் எத்தினைதரம் பார்த்திருக்கிறன்.

வேலைக்குப் போனன். போகாமல் இருக்கலாம், ஆனால் போனன். மிஸிஸ் பிரைஸ் தேத்தண்ணி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு கேள்வி. நீயா எண்டா. ஓம் எண்டன்.

"மேல் மூலையைக் கிழிச்சிருக்கலாமே, விசரி."

கோவமில்லை. அதுதான் தாங்கேலாமல் இருந்தது. அவவை விளம்பரப் பகுதிக்கு மாத்திப்போட்டினம், பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு. எனக்கு வேலை இல்லை. கதிரையில இருந்த குஷன் என்ர சொந்தம், அதை எடுத்துக்கொண்டு வந்தன். றெயிலில குஷனை மடியில வச்சுக்கொண்டு இருக்க ஒருமாதிரி.

இவருக்குச் சொன்னன்.  போகட்டும், வேற வேலை பாப்பம் எண்டார். என்ர தலையில கை வச்சார்.

சனி, 24

நேற்றோட முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

முன்பக்கம். பின்பக்கமில்லை, முன்பக்கம். "கெவினின் மர்மப் பெண்." சேலை கட்டிய கீழைத்தேச அழகி, வேலை செய்த இடத்திலயிருந்து காகிதம் திருடி ஆட்டக்காரனைக் காப்பாத்தப் பார்த்தாளாம். இருவருக்கும் உள்ள உறவு பற்றிக் கிளப் வாய் திறக்க மறுக்குதாம். கெவின் "ஒவ்வொரு கிழமையும் போய்வரும்" தெருவிலதான் அவளும் இருக்கிறாளாம்.

குப்பை எடுக்க வாறவர்.

நான் வேலைக்கு ஒருநாளும் சேலை கட்டினதில்லை.

பெயர் போடேல்லை. தேவையுமில்லை. இந்தத் தெருவில கறுத்தப் பொம்பிளை நான் ஒராள்தான். பாண் வாங்கப் போனன், கடைக்காரன் மிச்சத்தைக் கையில தராமல் மேசையில வச்சான். புல்மேட்டில எங்களுக்குப் பக்கத்தில நிக்கிற கண்ணாடிக்காரனும் கடைக்குள்ள நிண்டவன், பேப்பரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இந்தப் பேப்பர் பொய் எண்டு கிழமைக்கிழமை என்னோட நிண்டு கத்தின மனிசன்.

இவர் ஷெட்டுக்குள்ள சைக்கிளைக் கழட்டிக்கொண்டு இருக்கிறார். சைக்கிளில ஒரு பிழையும் இல்லை.

ஞாயிறு, 25

காத்து. யன்னல் முழுக்க அடிக்குது.

எங்கட மட்ச் 3 மணிக்கு. போகேல்லை. ரேடியோவும் போடேல்லை.

10 மணிபோல கதவில தட்டல். கெவின்ர மனுசி. முதல்தரம் கிட்டப் பார்க்கிறன், மெலிஞ்ச ஆள், முகம் வீங்கியிருந்தது. கையில நேற்றையான் பேப்பர். நீதானா எண்டு கேட்டா. ஓம் எண்டன், உள்ள வாங்கோ எண்டன். வரேல்லை.

"உண்மையோ எண்டு மட்டும் சொல்லு."

நான் சொன்னன். தாள், லெஸ், எடிட்டர், முழங்கால், எல்லாம். உங்கட மனிசன் என்னோட கதைச்சது குப்பை எடுக்க வரேக்க மட்டும்தான் எண்டன். கேட்டுக்கொண்டு நிண்டவ, என்ர முகத்தை விட்டுக் கண்ணெடுக்கேல்லை. பிறகு பேப்பரைப் பார்த்தா. நெருப்பில்லாமல் இப்பிடி முன்பக்கத்தில போடமாட்டினம் எண்டுபோட்டுப் போயிட்டா. படியால இறங்கேக்க பேப்பரை மடிச்சுக் கவனமா பைக்குள்ள வச்சா.

போன திங்கள் அதே பேப்பர் முழுப் பொய் எண்டு அழுததாக் கெவின் சொன்ன மனுசி.

இவர் குசினியில நிண்டு எல்லாம் கேட்டவர். நான் வந்து கதிரையில இருந்தன். அவரும் இருந்தார். கேக்கப் போறார் எண்டு விளங்கினது. மர்மப் பெண்ணைப் பற்றித்தான் எண்டு நினைச்சு, என்ன சொல்லுறது எண்டு யோசிச்சும் வச்சிருந்தன்.

அவர் கேட்டது அது இல்லை.

"ஒண்டரை வருசம் அங்க அடிச்சனி. இதுக்கு முதல் ஒரு பொய்யும் அடிக்கேல்லையோ?"

கெவின்ர தாளை மட்டும் ஏன் எடுத்தனான் எண்டு கேக்கிறார். சந்தேகத்திலதான் கேக்கிறார், ஆனால் கேள்வி சரி. எழும்பி வந்திட்டன். இப்ப இதில எழுதுறன்.

அடிச்சனான். மற்ற அணியளைப் பற்றி. போன வருசம் ஒரு பெடியன், கிழக்குப் பக்கத்து அணி, குடிவெறியில பயிற்சிக்கு வரேல்லை எண்டு லெஸ் சொன்னார். பிறகு சிரிச்சுக்கொண்டு, உண்மையில அவன்ர தகப்பன் செத்த வீடு, ஆனால் அதை ஆர் வாசிக்கிறது எண்டார். அடுத்த கிழமை அவங்களோட எங்களுக்கு மட்ச். நானும் சிரிச்சன். ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் அடிச்சு, நாலு கொப்பியையும் சாக்குக்குள்ள போட்டன்.

ஒரு மணித்தியாலமா யோசிக்கிறன். அந்தப் பெடியன்ர பெயர் வருகுதில்லை.