நீல் தீவில் ஓர் இளநீர்

பிப்ரவரி 20, வெள்ளி

தெருவில் பேசிக்கொள்வதுபோல என் மகன் ரங்கா என்னை ‘ஒரு மாறுதலுக்காக’ அந்தமானுக்கு அனுப்பி வைக்கவில்லை. டிக்கெட் எடுத்த பிறகுதான் அவனுக்கு விஷயமே தெரியும். எழுபத்து மூன்று வயதில் எனக்குப் புத்தியும் பிசகிவிடவில்லை. என் கணவர் தேசிகன் இருந்தவரை நாங்கள் கோயில்களுக்காகவே ஊர் ஊராகப் போனோம். சேவிக்கச் சன்னிதி இல்லாத ஓர் ஊரை, கடலும் மரமும் நண்டுமாக மட்டும் இருக்கிற ஊரை, ஒரு முறை பார்க்கத் தோன்றியது. அவ்வளவுதான்.

உடன் வருவது என் சிநேகிதி அடைக்கலம். கான்வென்டில் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; மன்னார்புரத்தில் தனியாக இருக்கிறாள். தேதி நான் குறித்தது. “ஈஸ்டர் முடிஞ்சு போலாமேடி” என்றாள். ஏப்ரல் வெயிலில் அங்கே யார் நடப்பது என்று கேட்டேன். சரி என்றுவிட்டாள்.

பிப்ரவரி 23

புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், சின்ன ரைஸ் குக்கர். பெட்டியைப் பார்த்து அடைக்கலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அறுபது வருஷமா எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல நீ. ஓட்டல்காரன் உனக்கு ஆக்கிப்போட ஆசைப்பட்டா மட்டும் நடக்குமா?”

சிரித்தோம். உண்மைதான். அவள் வீட்டுக்கு என் தண்ணீர் பாட்டிலோடுதான் போவேன். அவள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 25, நீல் தீவு

போர்ட் பிளேரிலிருந்து கப்பல். இறங்குதுறையின் கீழே தண்ணீர் அவ்வளவு தெளிவு; மீன்களின் நிழல் மணலில் தனியாக ஓடியது. முதலில் நிழலைத்தான் பார்த்தேன், பிறகு மீனை.

சாயங்காலம் கரையோரம் தாழம்புதருக்கு அடியில் சங்குகள் நடந்தன. உள்ளே நண்டு. உடம்பு வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்துக் குடிமாறுமாம். ஒன்று மட்டும் ஏதோ கூல்டிரிங்க் பாட்டிலின் மூடியைச் சுமந்துகொண்டு போயிற்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல சங்கு ஒன்று தேடி அதன் முன்னால் வைக்கப் போனேன்.

“கைய வைக்காத. அதுக்கு வேணும்னா அது தேடிக்கும். எல்லாத்தையும் நீயே திருத்தணுமா?” என்றாள் அடைக்கலம்.

ராத்திரி அவள் பருப்பும் சோறும் மட்டும் சாப்பிட்டாள். பக்கத்து மேஜையில் வறுத்த மீன் வாசனை. “எனக்காக நீ வாயைக் கட்டாதேடி” என்றேன். பெரிய மனசு எனக்கு! அவள் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள்.

பிப்ரவரி 26

வயிறு வெளுத்த கடல் கழுகு ஒன்று காலில் மீனோடு எங்கள் தலைக்கு மேலே போயிற்று. நாளை ஏகாதசி.

பிப்ரவரி 27

நான் கோபப்பட்டது சரி. சரிதானா? எழுதிப் பார்க்கிறேன்.

இங்கே இந்த வாரம் நண்பகலுக்குத்தான் கடல் வற்றுகிறது. வற்றினால் இயற்கையாக அமைந்த பாறை வளைவுவரை, செத்த பவளப்பாறை மேல் நடந்தே போகலாம். இடையிடையே தேங்கிய குட்டைகள். ஒன்றில் கடல் அட்டை, கறுப்பாக, அசையாமல். ஒன்றில் ஊதா உதடுகளோடு பெரிய சிப்பி. என் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. அடைக்கலம் அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற குரலில் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர் போனதிலிருந்து பதினோரு வருஷமாக ஏகாதசிக்கு நான் தண்ணீரும் தொடுவதில்லை. காலையில் அவள் கேட்டாள்: “தண்ணியாவது குடிச்சியா?”

“ஆச்சு.”

பொய்தான். சொன்னால் வெயிலில் கூட்டிப்போக மாட்டாள்.

நட்சத்திர மீன் ஒன்றைக் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது வெளிச்சம் மட்டும் இருந்தது. பிறகு பாறையில் கிடக்கிறேன், தலை அவள் மடியில், வாயில் இனிப்பு. இளநீர். அவள் தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து என் வாயில் சாய்த்திருக்கிறாள். இரண்டு மடக்கு இறங்கிவிட்டது.

துப்பினேன். வளைவு பார்க்க வந்த அத்தனை பேர் முன்னால். “உன்னை யாருடீ கேட்டா? விரதம்னா என்னன்னு உங்க ஆளுங்களுக்கு என்ன தெரியும்?”

வழிகாட்டியாக வந்தவர் வேறு பக்கம் பார்த்தார். அடைக்கலம் மீதி இளநீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். என் கையைப் பிடித்துத்தான் கரைவரை கூட்டி வந்தாள்.

பிப்ரவரி 28, துவாதசி

கப்பலில் அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பின. எனக்குக் காட்டவில்லை. தானும் பார்த்த மாதிரி இல்லை.

மார்ச் 3, ஸ்ரீரங்கம்

அவள் எடுத்த படங்கள் போனில் வந்தன. சிப்பி, கழுகு, மூடி சுமந்த நண்டு. ஒரு சொல் இல்லை. நானும் பதில் அனுப்பவில்லை. அவள்தானே முதலில் பேச வேண்டும்?

ரங்கா கூப்பிட்டு, “ட்ரிப் எப்படிம்மா இருந்தது?” என்றான். நன்றாக இருந்தது என்றேன். இரண்டாவது பொய்.

மார்ச் 6, வெள்ளி

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். மேலப்புதூரில் நெரிசல். மாதா கோயிலுக்குள் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. “இன்னைக்கு சிலுவைப்பாதைங்க. தவக்காலம் முடியுறவரைக்கும் வெள்ளிக்கிழமைன்னா இப்படித்தான்” என்று கண்டக்டர் யாரிடமோ சொன்னார்.

எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சிஸ்டர்கள் மூன்று மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் வகுப்பெடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். வேதபாட வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தே எல்லாம் மனப்பாடம்.

அந்த ஏகாதசியும் வெள்ளிக்கிழமைதான்.

அன்று காலையில் அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. பசிக்கலடி என்றாள். மீன் தொடாதது எனக்காக இல்லை. ஈஸ்டர் முடிந்து போகலாம் என்று கேட்டதும் வெயில் தெரியாமல் இல்லை. அந்த இளநீர் — அதை எனக்காக வாங்கினாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன். நான் மயங்கி விழுவேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்று மணிக்குத் தான் குடிக்க வைத்திருந்தது அது. அன்றைக்கு முழுக்க அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அதை நான் துப்பினேன்.

மார்ச் 7

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 9

எடுத்தாள். “நல்லாத்தான் இருக்கேன். அடுப்புல பால் இருக்கு, வைக்கிறேன்.” பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பால் எதுவும் இல்லை.

மார்ச் 15, ஏகாதசி

காலையில் தீர்த்தத்துக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மூன்று முறை கிழித்துப்போட்டு நான்காவது முறை எழுதியதை இன்று நானே தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். எழுதியதை இங்கேயும் வைக்கிறேன்:

அன்புள்ள அடைக்கலம்,

அன்று காலை தண்ணீர் குடித்தேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். பிறகு, உன் ஒரு வேளை ஆகாரத்தை நீ எனக்குக் கொடுத்தபோது, உன் ஆட்களுக்கு விரதம் தெரியாது என்றேன். விரதம் தெரியாதவள் யார் என்பது மேலப்புதூரில் பஸ் நின்றபோது எனக்குப் புரிந்தது. அதற்கு ஒரு வாரமாயிற்று என்பதுதான் எனக்கு இன்னும் வெட்கம்.

அறுபது வருஷத்தில் உன் கையால் நான் உட்கொண்டது அந்த இரண்டு மடக்குதான். அது எனக்குப் போதவில்லை. ஈஸ்டர் அன்று மதியம் உன் வீட்டுக்குச் சாப்பிட வரலாமா? நீ எப்போதும் சமைப்பதைச் சமை. எனக்கு உன் அடுப்பில் வைத்த சாதமும் தயிரும் போதும். தண்ணீர் பாட்டில் கொண்டுவர மாட்டேன்.

போனில் கேட்டால் ‘பரவால்லடி’ என்றுவிடுவாய். நானும் நம்பிவிடுவேன். எழுதும்போது நீ பொய் சொல்ல மாட்டாய். வா என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, ஒரு வரி எழுதிப் பதில் போடு.

வேதவதி