ஒரே முகவரியில் நாற்பத்தெட்டு வீடு

நவ. 11, செவ்வாய்

தூறல். கம்பத்து இன்டர்நெட் பெட்டிகளுக்கு பாலித்தீன் கட்ட மூர்த்தி போயிருக்கிறார். கம்பம் ஏறுவது என் வீட்டுக்காரர் அவர், ரூட்டர் என் பொறுப்பு. பதினொரு வருடமாக இப்படித்தான்.

8.05-லிருந்து போன் மேல் போன். அடுக்ககத்தில் 48 வீடு, எல்லாம் நாங்கள் கொடுக்கும் இன்டர்நெட். பொங்கல் ரயில் முன்பதிவு எட்டுக்குத் திறந்தது, ஒருவருக்கும் டிக்கெட் தளம் வேலை செய்யவில்லை. சங்கச் செயலாளர்: "வர்ற வெள்ளிக்கிழமை, ஜனவரி பதிமூணாம் தேதி ரயிலுக்கு புக்கிங் திறக்குது மேடம். அதுவும் போச்சுன்னா மொத்தமா வேற கம்பெனிக்கு மாறிடுவோம்."

48 போனால் மிச்சம் தெருவில் பத்து வீடு. கடையைச் சாத்த வேண்டியதுதான்.

மதியமே காரணம் பிடிபட்டது! 48 வீடும் இணையத்தில் வெளியே போவது ஒரே ஐ.பி. முகவரியில். எல்லோரும் ஒன்றாகத் தட்ட, ஏதோ ஒற்றை இயந்திரம் விடாமல் தட்டுகிறது என்று தளம் கதவைச் சாத்திவிட்டது. ரூட்டரில் அந்த விதியை எழுதியவள் நானே. ஆறு முகவரி வாங்கி ஐந்தைத் தூங்கவிட்டிருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

நவ. 12, புதன்

வெயில். துணி காய்ந்தது.

7.30: விதி மாற்றம். ஆறு முகவரியிலும் பிரித்து அனுப்பு. 8.02: தளம் திறந்தது, விசில் அடிக்காத குறை. 8.04: சுபா போன். சி பிளாக், திருநெல்வேலிப் பெண், ஆவணியில் கல்யாணம், இது தலைப்பொங்கல்.

"அக்கா, உள்ள போகுது. பேரு அடிக்கும்போது வெளிய தள்ளிருது."

என் புத்தியைச் செருப்பால் அடிக்க. வீடு வீடாகப் பிரிக்காமல் ஒவ்வொரு க்ளிக்கையும் பிரித்திருக்கிறேன். சுபா நுழையும்போது ஒரு முகவரி, பேர் எழுதும்போது வேறொன்று. யார்தான் நம்புவார்கள்?

மூர்த்தி: "பாடில ரூட்டர் தெரிஞ்ச ஒரு ஆளு கீறான். இட்டாரவா?"

"ஒண்ணும் வாணாம்."

கோபம். காபி போட்டுக் கொடுத்தார். என் கோபம் பாதி போனது.

நவ. 13, வியாழன்

எட்டு மணியை அப்படியே போகவிட்டேன். பதறிய காரியம் சிதறும்.

பிறகு நேற்று மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு, கூடவே புது விதிகள், ஆறு வரி. எட்டு வீட்டுக்கு ஒரு முகவரி, எப்போதும் அதுவே. சுபா வீட்டு லேப்டாப்பில் சோதனை. அதே பழைய முகவரி! அழுகை வந்தது. ரூட்டர் மேலிருந்து கீழே படிக்கும். பழைய விதி உச்சியில் உட்கார்ந்து எல்லோரையும் தானே வாரிக்கொள்கிறது. என் ஆறும் கீழே சும்மா. பழையதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

மாறியது! குதித்தேன், சுபாவும் குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் மன்னிக்கட்டும்.

முறுக்கு கொடுத்தாள். "பொங்கலுக்கு எந்த ஊருக்குக்கா போவீங்க?"

"எங்க போறது? அவுரு வானகரம், நான் மாங்காடு, ரெண்டும் இங்க பக்கத்துலதான். ராத்திரி ரயில்ல நான் ஏறினதே இல்ல. நாங்க போய்ட்டா லைன யாரு பாக்கிறது?"

"நாங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டா எந்த லைனக்கா பாப்பீங்க?"

இன்னொரு முறுக்கு எடுத்தேன்.

வாங்க: பாலித்தீன், பேட்டரி, காபித்தூள்.

நவ. 14, வெள்ளி

7.40: கரன்ட் போய் வந்தது. உயிரும்.

8.00: ஆறு முகவரியும் ஓடுகின்றன. என்ன அழகு!

8.02: செயலாளர். "கிடைச்சிடுச்சு மேடம்! நாலு பெர்த்!" பின்னால் குழந்தைகள் கூச்சல்.

8.03: ஏ பிளாக்கில் இரண்டு வீடு. கிடைத்தது, கிடைத்தது.

மறுபடி போன். சுபா. இவளுக்கு மட்டும் வெளியே தள்ளிவிட்டதா?

"அக்கா, உங்க வயசு, அண்ணன் வயசு சொல்லுங்க. சீக்கிரம். எங்க கூட ஊருக்கு வாரீங்க, கட்டத்துல போடணும்."

வாசலில் மூர்த்தி, தோளில் ஏணி.

"யோவ், உனுக்கு வயசு இன்னா?"

"நாப்பத்தொண்ணு. ஏன், இன்னா ஆச்சி?"

முப்பத்தாறு, நாற்பத்தொன்று என்றேன் போனில். எனக்கு ஜன்னலோரம் வேண்டும் என்றும் சொன்னேன்.