சும்மா இருந்த மூன்றாவது ஆள்

சுனாமி வந்து ஐம்பது நாள். மாசி இரண்டு.

எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் இரண்டு சர்வர் கம்ப்யூட்டர். ஒன்று வேலை பார்க்கும். அது விழுந்தால் ஏற்றுக்கொள்ள மற்றது காத்திருக்கும்.

"சும்மா கிடக்கவா துட்டு குடுத்தேன்? ரெண்டுக்கும் வேலையைப் பிரிச்சுக் குடும்யா" என்று முதலாளி கம்ப்யூட்டர்க்காரரை ஏசினார். பிரித்தார்கள். வேலை கூடி இரண்டும் நிரம்பின. இன்று ஒன்று விழுந்தது. இரட்டைச் சுமை தாங்காமல் மற்றதும் விழுந்தது.

"இப்படி ஆவும்னு யாருக்குவே தெரியும், மாடசாமி?" என்று என்னிடம் புலம்பினார்.

எனக்குத் தெரியும். வாசல் காவலுக்கு நானும் கருப்பசாமியும் மாறி மாறி நிற்போம். சுப்பையா மாற்று ஆள். "அவன் சும்மா உக்காந்திருக்கான் மொதலாளி" என்று சொல்லி அவன் வேலையைக் கெடுத்தவன் நான். பிறகு நான் காய்ச்சலில் படுத்தபோது கருப்பசாமி எட்டு நாள் இரவும் பகலும் தனியே நின்றான். ஒன்பதாம் நாள் வாசலிலேயே விழுந்து செத்தான். போன ஐப்பசியில் சுப்பையாவும் செத்துப்போனான். மன்னிப்புக் கேட்கக்கூட ஆளில்லை.

மிச்சம் இந்த மாடசாமிதான்.