பூ வராத பத்து நிமிஷம்

என் பாப்புக் குட்டிக்கு,

உன் ஒரு வருஷ நினைவுப் பூசைக்குப் படம் போட்டு ஒரு தாள் அடிக்கிறார்கள். அதில் அம்மா கையால் நாலு வரி வேண்டுமாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்ன எழுதுவேன்? உன்னிடம் பேசுவதைத்தான் எழுதத் தெரியும். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

கச்சிபௌலிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கிய அன்று நீ ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்தாய். என் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்தாய். நான் அத்தர் தேய்க்கிற பழக்கத்தில் இரண்டு கையையும் சேர்த்துப் பரபரவென்று தேய்த்தேன். நீ கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ மம்மி, நக்கோ நக்கோ, வேணாம்! தேய்க்காதீங்க. இது சார்மினார் அத்தர் இல்ல. பூ நசுங்கிப் போயிடும்.”

“பூவா? எலுமிச்சம்பழத் தோல உரிச்ச மாதிரி இருக்கு. இதுக்குப் போயா இப்படிக் குதிக்கிற?”

“பத்து நிமிஷம் பொறுங்க. ஒடம்புச் சூடு பட்டாத்தான் பூ வரும்.”

வந்தது. உன் கையில்தான் நன்றாக வந்தது. முதலில் அந்தப் பச்சை வாசம். அப்புறம் மல்லியா ரோஜாவா என்று சொல்ல முடியாத ஒரு பூ. சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து நீ இறங்கும்போது பூவும் அடங்கி, வெயிலில் காய்ந்த துணி மாதிரி, உன் சொந்த வாசமாகவே ஆகியிருக்கும். என் கையில் அரை மணியில் ஓடிப்போகும். பள்ளிக்கூடத்துத் தரையைத் துடைத்துத் துடைத்து வறண்ட கை. “உங்க கையில பினாயில்தான் ஜெயிக்கும் மம்மி” என்று சிரிப்பாய்.

நாலே நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் பெட்டியில் படுத்திருந்தாய். வந்தவர்கள் நம் வழக்கப்படி ஆளுக்கொரு சென்ட் கொண்டுவந்து உன் மேல் அடித்தார்கள். ஏதேதோ வாசம், ஒன்றும் உன்னுடையது இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உன் பாட்டிலை எடுத்து வந்து, உன் மணிக்கட்டை ஈரத்துணியால் துடைத்து, அதில் அடித்தேன். தேய்க்கவில்லை பாப்பு. குனிந்து, மூக்கை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

உன் சேவியர் மாமா வந்து தோளைத் தொட்டான். “மூடலாமாக்கா? ஃபாதர் வந்துட்டாரு.”

“பத்து நிமிஷம் இருடா.”

துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்தார்கள். நான் தெளிவாகத்தான் பேசினேன். பத்து நிமிஷம் போனது. கெஞ்சி இன்னொரு பத்து வாங்கினேன். எலுமிச்சை வாசம் அடித்தது அடித்தபடி நின்றது. பூ வரவே இல்லை. டாக்டர் சொன்னபோதுகூட நான் நம்பவில்லை. பூ வராதபோதுதான் நம்பினேன்.

மிச்சம் பாதி பாட்டிலை பீரோவில் உன் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

உன் தங்கச்சி நிம்மிக்கும் வேலை கிடைத்துவிட்டது, நீ போன அதே பக்கம். போன திங்கட்கிழமை முதல் நாள். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பூ வந்தது. உன் கையில் வந்த அதே பூ. திரும்பாமலே, “பாப்பு, டிபன் டப்பா எடுத்துக்கிட்டியா?” என்றேன்.

திரும்பினேன்.

“நான் நிம்மி, மம்மி.”

சாப்பிடாமலே எழுந்து போனாள். குழாயடியில் சோப்புப் போட்டு மணிக்கட்டை உரசி உரசிக் கழுவினாள். வண்டி ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய முதல் நாள், பாப்பு. அக்காவைப் பறிகொடுத்தவள் அவளும்தானே? இந்த ஒரு வருஷத்தில் அவள் முகத்தைப் பார்த்து நான் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாட்டிலை அவள் தொடவே இல்லை.

பூசை முடிந்து வந்ததும் அதை நானே எடுத்து அவளிடம் கொடுப்பேன். இது சத்தியம். என் கையால் அவளுக்குப் போட்டுவிட்டு, பூ வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் அது வரும்போது உன் பேர் என் வாயில் வராமல், அவளை அவள் பேர் சொல்லி எப்படிக் கூப்பிடுவேன், பாப்பு?

உன்னையும் நிம்மியையும் பெற்ற
மம்மி