வெந்நீர் ஊற்றுக்குக் காய்ச்சல் பார்த்த அம்மா

என் பிரியமான அப்பா,

நீங்கள் கண்மூடிய பிறகு நானும் அம்மாவும் திண்டுக்கல்லைத் தாண்டியதே இல்லை. இந்தக் கோடை விடுமுறையில் பம்பாய்க்கே போய் வந்துவிட்டோம். முழங்கால் வலிக்கு வெந்நீர் ஊற்று நல்லது என்று, அங்கே மில்லில் வேலை பார்க்கும் மாமா அம்மாவைக் கூப்பிட்டிருந்தார். மூன்றாம் பாரத்தோடு என் படிப்பை நிறுத்த அம்மாவைச் சம்மதிக்க வைப்பதும் அவர் எண்ணம். எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

ஊற்றுக்குப் பஸ்ஸில் வெகுதூரம். அங்கே பாறையெல்லாம் கன்னங்கரேல். நம் மலைக்கோட்டைப் பாறை அதன் பக்கத்தில் வெளுத்துத்தான் தெரியும். எப்போதோ அணைந்துபோன எரிமலையின் குழம்பு பரவி இறுகிய பூமி என்று பூகோளத்தில் படித்ததை மாமாவிடம் சொல்லிக்கொண்டே காலால் மிதித்துப் பார்த்தேன். கல் தொட்டிகளில் ஆவி பறந்தது. அவித்த முட்டை வாடை. இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா காலை நனைத்து, உடனே இழுத்துக்கொண்டாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? கம்பவுண்டர் வேலையில் நீங்கள் வைத்திருந்த தெர்மாமீட்டரைப் பையிலிருந்து எடுத்தாள். அது இல்லாமல் அவள் வெளியூர் கிளம்புவதில்லை.

"இதுக்குக் காய்ச்சல் எம்புட்டுன்னு பாப்போம்."

"வேணாம்மா!" என்பதற்குள் டப்பென்று நுனி தெறித்துவிட்டது.

மாமா சிரித்தார். "கம்பவுண்டர் பொண்டாட்டி பூமிக்கே ஊசி போடுவா போல!"

அம்மா சிரிக்கவில்லை. உடைந்த கண்ணாடியைப் பார்த்தபடியே, "ஏன் புள்ள ஒடைஞ்சுச்சு?" என்றாள்.

"மனுசக் காய்ச்சலுக்குச் செஞ்சதும்மா. அதுக்கு மேல பாதரசம் ஏற உள்ள எடமில்ல."

மாமா விடவில்லை. "அம்புட்டும் தெரியுமோ? எரிமலை அணைஞ்சு யுகம் யுகமாச்சுங்கிறியே. அடுப்பு அணைஞ்சா சட்டி ஆறிப்போகுது. இங்க மட்டும் எப்படித் தண்ணி சுடுது?"

புத்தகத்தில் அதைப் போடவில்லை, அப்பா.

"தெரியலை, மாமா."

"பாத்தியா தங்கச்சி? இம்புட்டு வருசம் படிச்சும் தெரியலை. இனிமே பள்ளிக்கூடம் எதுக்கு?"

"தெரியலைன்னு சொல்லுதுல்லண்ணே. அதுக்குத்தான் அனுப்புறேன்" என்றாள் அம்மா.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நேற்று நான்காம் பாரத்தில் சேர்ந்துவிட்டேன். முதல் வேலையாக மாமா கேட்ட கேள்வியை டீச்சரிடம் கேட்டேன். பூமிக்குள் ஆழத்தில் இன்னும் சூடு இருக்கிறதாம். எவ்வளவு ஆழம்? ஏன் ஆறவில்லை? "அதெல்லாம் காலேஜில் வரும்" என்றார்.

அப்படியானால் காலேஜுக்குப் போவேன். மதுரையில் இடம் கிடைக்காவிட்டால் மெட்ராஸ். பதில் கிடைக்கிற அன்று முதலில் உங்களுக்குச் சொல்வேன். மாமாவுக்கு அடுத்த தபாலில்.

என்றும் உங்கள் மகள்,
ஜெயம்