முதல் கட்டைக்கு வைத்த குங்குமம்

அண்ணன் நிரோஷனுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் நம் வீட்டில் பொய் சொல்லும் உத்தியோகம் உன்னுடையதாயிற்றே. போனை நீ எடுப்பதில்லை. கடிதம் மணி அடிக்காது, பயப்படாமல் படி.

நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குச் சர்வேயர்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா? "நமக்கு வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி அளக்கத்தான் வர்றாங்க, நல்லா கவனிங்க" என்று நீதான் அப்பாவிடம் சொன்னாய். நகர சபையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் மகன் சொல்லிவிட்டான் என்று அப்பா புல் வெட்டி வழிவிட்டார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். அவர்கள் அடித்த முதல் எல்லைக் கட்டைக்கு அம்மா மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். சர்வேயரின் தேத்தண்ணியில் நான் உப்புப் போட்டதற்கு, "நம்ம காணி அளக்க வந்தவருக்கு இப்படியாடி செய்வ?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

போன கிழமை தாஸிம் நானா கடைக்குச் சீனி வாங்கப் போனேன். நகர சபை மதிலில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டி, "ஒங்கட லயத்தையும் சேத்துத்தான் எடுக்கப் போறாங்க புள்ள. பஸ் ஸ்டாண்டும் கடைத் தொகுதியும் வருதாம்" என்றார். பொது நோக்கமாம். அந்தப் பொதுவில் நாங்கள் சேர்த்தி இல்லை போலும். கீழே, தமிழாக்கம் செய்தவர் என்று உன் பெயர். நீ தமிழாக்கிய திகதி, சர்வேயர்கள் வருவதற்கு முந்தையது. அவ்வளவு தெளிவான தமிழை எங்களிடம் ஏன் அண்ணே பேசவில்லை? உன் பதவி உயர்வுக்கு முனியாண்டி சாமிக்குத் தேங்காய் உடைத்தவர்கள்தானே நாங்கள்!

அம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சர்வேயருக்கு உப்பு ஒரு கரண்டிதான் போட்டியா?" என்று கேட்டாள்.

ஆட்சேபணை எழுதிக் கொடுக்க வரும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். தோட்டத் தலைவர் என்ற முறையில் அப்பா முதலில் கையெழுத்துப் போட்டால்தான் லயத்தில் மற்றவர்களும் போடுவார்கள். அவரோ, "எம் மகன் சொன்னா சரியாத்தான் இருக்கும். இதுல கையெழுத்துப் போட்டா, அவன் பொய்யன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி" என்கிறார். நான் சொன்னால், வழக்கமான என் குறும்பாம். கட்டைக்குப் பக்கத்தில் உன் அறைக்கென்று கல் வேறு அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

எம்பிலிப்பிட்டியவுக்கு மாற்றலாகிப் போனால் முகம் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தாயோ என்னவோ. காலை பஸ்ஸில் ஏறு. வந்து, அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. வேறு யார் சொன்னாலும் அவர் நம்பமாட்டார்.

மாரியம்மா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன் தேத்தண்ணியில் உப்புப் போடமாட்டேன்.

இன்றைக்கும் உன் தங்கையான,
நிரோஷா