சுமனிடம் சொல்லிவிட்டேன், வசந்தி

என் வசந்திக்கு,

உன் போன் இன்னும் சார்ஜில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அடிக்குமே என்று சனிக்கிழமையே போட்டுவைத்துவிடுகிறேன். வேறு யார், நாக்பூரிலிருந்து உன் சுமன்தான். சின்ன வயதில் அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் உனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. கல்யாணமாகி மாம்பலத்துக்கு வந்த பிறகும் அவளோடு இந்தியில் பேசாமல் உனக்கு ஒரு வாரம் போனதில்லை.

நீ போன பத்தாம் நாளும் அடித்தது. எடுத்தேன். "வசந்தி?" என்றாள். நம் பழக்கம் உனக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவை ஒரேயடியாகப் போட்டு உடைக்க மாட்டோம். உடம்புக்கு முடியலை என்று ஆரம்பித்து, கொஞ்சம் சீரியஸ் என்று சொல்லி, மெல்ல மெல்லத்தான் சொல்வோம். என் அப்பா போனபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படியே ஆரம்பித்தேன். நீ வாராவாரம் அவளிடம் மூட்டுவலிக்குப் புலம்பும் மூன்று வார்த்தைதான் எனக்குத் தெரிந்த மொத்த இந்தி. "தபியத் டீக் நஹீ." உடம்பு சரியில்லை.

அதோடு என் இந்தி தீர்ந்துபோனது. அவள் பதறிப்போய் என்னென்னவோ கேட்டாள். நான் "ஹான், ஹான்" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிட்டேன். போனில் தலையாட்டினால் தெரியுமா என்று நீ இருந்தால் கேட்டிருப்பாய்.

நம் மீனா திருவான்மியூரிலிருந்து வந்தபோது சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னப்பா நீங்க! என் ஆபீஸ்ல இந்திக்காரங்க இருக்காங்க. ரெண்டே நிமிஷம், நான் சொல்லச் சொல்றேன்."

"வேணாம்மா. நான் ஆரம்பிச்சதை நானே முடிச்சுக்கறேன்."

வீம்புதான். தார் டின்னை எடுத்துக்கொண்டு இந்தி எழுத்தை அழிக்கப் போன அண்ணனுக்குப் பின்னாலேயே ஓடியவன் நான். திணித்தால் இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதை யாரும் திணிக்கவில்லை. நீ விட்டுவிட்டுப் போனாய்.

ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கினேன். முப்பதே நாளில் வந்துவிடும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எனக்கு எட்டு மாதம் ஆனது. முதலில் எழுத்தை எழுதிவிட்டு மேலே கோடு போடுவார்களாம். நான் ஸ்கேல் வைத்துக் கோட்டைப் போட்டுவிட்டு, கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி எழுத்தைத் தொங்கவிடுகிறேன். டிராஃப்ட்ஸ்மேன் புத்தி ரிட்டயர் ஆகுமா? புத்தகத்தில் ராமு ஆப்பிள் சாப்பிடுகிறான், சீதா பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு வேண்டிய ஒரு வாக்கியம் எந்தப் பாடத்திலும் இல்லை.

பேசிப் பழகவும் ஆளில்லை. தெருமுனை பானிபூரிக்காரரிடம் தைரியமாக ஆரம்பித்தேன். அவருக்குப் பீகார், ஐம்பது வயதிருக்கும். நான் தேடித் தேடிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, "இன்னா சார், காரம் கம்மியா போடணுமா? தமிழ்லயே சொல்லு, சீக்கிரம் ஆவும்" என்றார். வீட்டுக்கு வந்து உன் படத்துக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். சொல்லித்தர ஆள் வீட்டிலேயே இருந்தபோது, "ஆரம்பிச்சிட்டியா உன் பிரசங்கத்தை" என்று பேப்பரை விரித்துக்கொண்ட மனுஷன்தானே நான்.

ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. ஐந்தாம் மாதமே எனக்கு அந்த வாக்கியம் வந்துவிட்டது, வசந்தி. ஞாயிறுதோறும் அவள் பேசுவதும் பாதி புரிய ஆரம்பித்தது. உனக்குக் குணமாக வேண்டும் என்று திங்கட்கிழமைதோறும் உப்பில்லாமல் சாப்பிடுகிறாள் என்பதும் புரிந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. "இன்றைக்கு எப்படி இருக்கிறாள்?" என்று அவள் கேட்பாள். "அப்படியேதான்" என்பேன். உலகத்தில் அந்த ஒரு வீட்டில் நீ இன்னும் படுக்கையிலாவது இருந்தாய். அதையும் எப்படி விட்டுக்கொடுப்பேன், சொல்?

போன வாரம், உன்னைப் பார்க்க வருவதற்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். தீபாவளிக்கு முன்னால் வருகிறாளாம். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று பதினோரு மணிக்குச் சொன்னேன். தை மாதமே போய்விட்டாள், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், என்னிடம் வார்த்தை இல்லை, பிறகு மனசு வரவில்லை. இவ்வளவையும் பேப்பரில் எழுதிவைத்துப் படித்தேன். அவள் அழுதாள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. ஏன்தான் இதைப் படித்தோம் என்று இருந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்களை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு உங்களைப் பற்றித்தான் பேசுவாள் வசந்தி, தெரியுமா? இவருக்கு ஒன்றும் புரியாது என்பாள்" என்றாள்.

என்ன பேசுவாள் என்று கேட்டேன். கடகடவென்று சொன்னாள். என் பெயர் வந்தது, மழை என்று வந்தது, நடுவில் அழுகையிலேயே ஒரு சிரிப்பு. மற்றதெல்லாம் ஓடிப்போயிற்று. மெதுவாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "நேரில் வந்து சொல்கிறேன்" என்றாள். டிக்கெட்டை ரத்து செய்யப்போவதில்லையாம்.

இனி உன்னைக் கேட்டு எந்த போனும் வராது. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. என்ன மழை அது, வசந்தி? நான் என்ன செய்தேன்? கோபமாகச் சொன்னாயா, சிரித்துக்கொண்டா?

சென்ட்ரலுக்கு நானே போய் சுமனைக் கூட்டிவருவேன். அவள் சாப்பாட்டில் முதல் சிட்டிகை உப்பை என் கையாலேயே போடுவேன். உன் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, எதிரில் என் இடத்தில் உட்காருவேன். இந்த முறை பேப்பரை விரிக்க மாட்டேன். சத்தியம்.

நாற்பது வருஷம் எதிரிலேயே உட்கார்ந்திருந்த
உன் வீட்டுக்காரன்,
சண்முகம்